புஷ்பா அக்காவின் வேனும் நான் கிழித்த தாளும்

பயந்துபோய் வருகிறவரிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லக்கூடாது. எங்கள் தொழிலின் முதல் பாடம் இதுதான், இதைக் கற்றுக்கொள்ள நான் ஆறு வருடம் படித்தேன். அந்த ஆறு வருடமும் ஊரில் மற்ற எல்லாரும் ஒருவரிடம் ஒருவர் அதையேதான் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் மனநல ஆலோசகர். கோலா சிலாங்கூர் டவுனில் ஒரு மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடியில் என் அறை. கீழே யாராவது சைலன்சர் சோதித்துக்கொண்டே இருப்பார்கள், மேலே நான் "மெதுவா மூச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். என்னோடு இருப்பவர் பிலோமினா. ஈஜோக் பக்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து வரவேற்பு மேசையில் உட்காருவார். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பாதி வியாதியைச் சொல்லிவிடுவார், மீதியைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் என்பது அவருடைய கருத்து.

பதற்றம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வருகிற நாள் காலையில் தோசை இறங்காதவர்தானே நீங்களும்? மகள் மூன்று தடவை போனை எடுக்கவில்லை என்றதும் மனசுக்குள் ஆம்புலன்ஸ் வரைக்கும் போய்விட்டு வந்தவர்தானே? பிறகென்ன, நாமெல்லாம் ஒரே லயத்து வரிசைவீட்டு ஆட்கள்தான். தைரியமாகப் படியுங்கள்.

பேரை அவரே வைத்துக்கொண்டார்

நான் சொல்லப்போவது பெரும்பாலும் ஒருவரைப் பற்றி. பள்ளி வேன் ஓட்டுகிறவர், நாற்பத்தெட்டு வயது, ஆற்றுக்கு அந்தப் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வீடு. எங்கள் தொழிலில் வந்தவர் கதையை வெளியே சொல்வது பெரிய பாவம், அதனால் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். எழுதியதும் வாசித்துக் காட்ட வேண்டும், பேரை மாற்ற வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டுச் சம்மதித்தார்.

என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டேன். நான் இரண்டு மூன்று பேர் யோசித்து வைத்திருந்தேன், அதைச் சொல்லவே விடவில்லை. "புஷ்பாவதின்னு போடுங்க மிஸ். மூணாம் வகுப்புல என் பென்சில் டப்பாவ எடுத்துக்கிட்டு இன்னிக்கு வரைக்கும் தராதவ. அவ பேராவது எனக்கு இருக்கட்டும்."

நாலு டயர், நாலு பழம்

புஷ்பா அக்கா முதன்முதலில் வந்தபோது கணவர் தனபால் மோட்டாரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நடந்தது இதுதான். ஒருநாள் காலையில் பதினோரு பிள்ளைகளோடு ஆற்றுப் பாலத்தில் ஏறியிருக்கிறார். நடுப்பாலத்தில் நெஞ்சு இறுகி, கை மரத்து, கண் இருட்டியிருக்கிறது. எப்படியோ வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஹாரன் அடித்துத் தள்ளியிருக்கின்றன, உள்ளே பிள்ளைகள் அழுதிருக்கின்றன. ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்துவிட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது, இது பதற்றம் என்று சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

வேனை இப்போது அவருடைய கொழுந்தனார் ஓட்டுகிறார். தொழிற்சாலை பஸ் ஓட்டியவர், லைசன்ஸ் உண்டு. ஆனால் ஏழு வாரத்தில் அவருக்கு ஜோகூரில் புது வேலை. அதற்குள் அக்கா ஓட்டத் தொடங்காவிட்டால் வண்டி நின்றுவிடும். அந்தத் தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு வேறு வண்டி கிடையாது. ஆறு பிள்ளைகளின் பெற்றோர் பக்கத்திலேயே இருக்கிற மலாய்ப் பள்ளியில் இடம் கேட்டு வைத்துவிட்டார்கள். பள்ளியில் மொத்தமே எண்பது சொச்சம் பிள்ளைகள், அதில் பதினொன்று போனால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும். அவரும் அங்கே படித்தவர்தான்.

மருந்து ஊசி ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை, நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடிப்போம் என்றேன். அந்தப் பதில் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கையில் மந்திரித்த கயிறு இருந்தது. கழற்ற வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம், அது உங்களுடையது என்றேன். பிறகு வண்டிக்கு ஏதாவது செய்தீர்களா என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். "நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தியாச்சு. வண்டிக்கு ஒண்ணும் பயமில்ல மிஸ். எனக்குத்தான்."

அழகான தாள்

என்னிடம் ஒரு தாள் உண்டு. பயத்தைப் படிப்படியாக ஏறிக் கடக்கிற முறை. உலகம் முழுக்கச் செய்கிறார்கள், நல்ல முறைதான். இடது பக்கம் செய்ய வேண்டிய காரியம், நடுவில் தேதியும் நேரமும், வலது பக்கம் பயத்துக்கு மார்க். பூஜ்யம் என்றால் பயமே இல்லை, நூறு என்றால் உயிர் போகிற பயம். அதைத் தமிழில் மாற்றி, கட்டம் போட்டு, மேலே ஒரு பூவும் வைத்து அச்சடித்திருந்தேன். எனக்கு அந்தத் தாள்மேல் கொஞ்சம் கர்வம்.

அக்காவுக்கு நானே நிரப்பிக் கொடுத்தேன். முதல் வாரம் வெறும் வண்டியில் தோட்டத்துச் சாலை, இரண்டாம் வாரம் பாலத்தின் அடிவரைக்கும், மூன்றாம் வாரம் பாலத்தின்மேல். "சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்று சொன்னவள் நானேதான், ஆனால் ஏழு வாரம்தானே இருக்கிறது என்று அவசரம். பேனா முழு நேரமும் என் கையிலேயே இருந்தது. அக்கா தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் படியிறங்கிப் போனதும் பிலோமினா கேட்டார், "அவங்க ஒரு வார்த்த பேசின மாதிரியே எனக்குக் கேக்கலயே மேடம், கதவு ரொம்ப கனமா?"

உச்சி குளிர்ந்த வாரம்

அடுத்த வாரமே தாள் நிரம்பி வந்தது. தோட்டத்துச் சாலை, தொண்ணூறு. மறுநாள் எண்பது. மறுநாள் எழுபது. இரண்டாம் வாரம் பாலத்தின் அடிவரைக்கும் போயாகிவிட்டது, மார்க் நாற்பது. நான் பாடப் புத்தகத்தில்தான் இப்படி ஒரு இறக்கத்தைப் பார்த்திருக்கிறேன். தலைகால் புரியவில்லை எனக்கு. அக்காவைப் பாராட்டினேன், அவரும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். வெட்கம் என்று நினைத்தேன்.

எங்களுக்கும் மேலே ஒருவர் உண்டு. மாதம் ஒருமுறை எங்கள் வேலையைக் காட்டி ஆலோசனை கேட்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் கோலாலம்பூரில் இருக்கும் மூத்த அம்மையார், அதிகம் பேசமாட்டார். ஆளின் அடையாளத்தை எடுத்துவிட்டு, அந்த மார்க்குகளைக் கோடு வரைந்து பெருமையோடு காட்டினேன். சறுக்குமரம் போல வழவழவென்று இறங்கியது கோடு. அம்மையார் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. இவ்வளவு நல்லா இருந்தா எனக்குக் கொஞ்சம் பதற்றமா இருக்கும்மா."

புதன்கிழமை ஜேம்

மூன்றாம் வாரம் புதன்கிழமை காலையில் தஞ்சோங் காராங்கில் ஒரு பள்ளியில் எனக்குப் பேச்சு. பாலத்தில் ஏதோ பழுது பார்க்கிற வேலை, ஒரு பாதையை அடைத்துவிட்டார்கள். ஏழே முக்காலுக்கு ஏறிய நான் எட்டே முக்காலுக்குத்தான் இறங்கினேன். முன்னால் மீன் லோரி, பின்னால் குலை லோரி, நடுவில் என் சின்னக் கார். தண்ணீர்ப் போத்தலும் காலி. பயமே இல்லாத நானே காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போய்விடலாமா என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா தாளை நீட்டினார். புதன்கிழமைக் கட்டத்தில் அழகான கையெழுத்து: காலை எட்டு மணி, பாலம், ஐந்து நிமிடம், பயம் முப்பது. நான் தாளைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன். புதன்கிழமை எட்டு மணிக்கு நான் அந்தப் பாலத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன் அக்கா என்று மெதுவாகச் சொன்னேன். அவர் தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். வண்டியைக் கொழுந்தனார் ஓட்டியதோடு சரி, அக்கா ஒரு நாளும் அதில் ஏறவே இல்லை. மூன்று வாரமும் என்னிடம் வருவதற்கு முந்தின சாயங்காலம் உட்கார்ந்து அந்த வாரக் கட்டத்தை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. மூன்று வாரம் வீண், இன்னும் நாலு வாரம்தான் பாக்கி. ஏன் அக்கா என்று கேட்டேன். அவர் பதினெட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வருடம் தோட்டத்தில் நாற்றுப் பண்ணையிலும் புல் வெட்டிலும் வேலை செய்தவர். தினமும் விடிவதற்குள் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டதும் தனக்கான நெரையை வாங்கிக்கொண்டு போன ஆள். நெரை என்றால் ஒருவருக்கென்று பிரித்துக் கொடுக்கிற மர வரிசை. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சாயங்காலம் கேட்கும்போது அது முடிந்திருக்க வேண்டும். அக்கா கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே சொன்னார், "தாளக் குடுத்து இத முடிங்கன்னு சொன்னீங்க. மண்டோர் கேட்டா முடிஞ்சிருச்சுன்னுதானே மிஸ் சொல்லணும்? முடியலன்னு சொன்னா நாளைக்குப் பெரட்டுல எல்லாருக்கும் முன்னால பேரச் சொல்லுவாங்க."

கோலா குபு பாருத் தம்பி

அன்று மத்தியானமே எனக்கு இணையத்தில் இன்னொரு சந்திப்பு இருந்தது. கோலா குபு பாருவில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுத் தம்பி. ரயில் பெட்டிக் கதவு மூடினால் மூச்சு முட்டும் அவருக்கு. திரையில் வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள், இன்றைக்கு மூன்று விஷயம் பேசலாம், முதலாவதுக்கு இருபது நிமிடம் என்று அவரே பங்கு பிரித்துவிடுவார். போன வாரம் நான் கொடுத்த பயிற்சி வேலைக்கு ஆகவில்லை என்றும் சிரித்துக்கொண்டே சொல்வார். இந்தப் பிள்ளை என்ன இப்படி அதிகாரம் பண்ணுகிறது என்று உள்ளுக்குள் நான் முனகியது உண்டு.

அன்றைக்குத்தான் உறைத்தது. இவர் பொய் மார்க் போட்டதே இல்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் திட்டம் அவருடையது. இவரிடம் நான் மண்டோர் ஆகவில்லை, அவர் விடவில்லை. விட்டுக்கொடுத்துப் பேசுகிற ஒரு அக்கா வந்ததும், கிடைத்தது வாய்ப்பென்று நான் பெரட்டுக் களத்தில் ஏறி நின்றுவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே நான்தான். இதை யோசித்துக்கொண்டே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது. "மிஸ், முதல் டாப்பிக்ல ஏழு நிமிஷம் போச்சு. நீங்க ஓக்கேவா? இல்லன்னா உங்க பிரச்சனையையும் அஜெண்டால சேத்துக்கலாம் லா."

கிழித்தேன்

அடுத்த தடவை அக்கா வந்தபோது வாசலிலேயே தயங்கி நின்றார். திட்டு விழும் என்று நினைத்திருப்பார். நான் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, இரண்டு நாற்காலியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். தப்பு உங்களுடையது இல்லை, உங்களைக் கேட்காமல் உங்கள் பயத்துக்கு நான் வேலை பிரித்துக் கொடுத்தது என் தப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு பூப்போட்ட அந்தத் தாளை அவர் முன்னாலேயே கிழித்தேன். மனசு வலிக்காமல் இல்லை. அச்சடித்தது இன்னும் இருநூறு கிடந்தது.

வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, எதற்குப் பயம் என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பாலம்தானே என்று நானாக முடிவு செய்திருந்தேன். அக்கா பேனாவை மூடி வைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். பாலத்துக்கும் பயம்தான், ஆனால் அது பெரிதில்லை, பக்கத்தில் பெரிய ஆள் ஒருவர் இருந்தால் இன்றைக்கே ஓட்டுவார். வெறும் வண்டியில் தனியாக ஓட்டினாலும் செத்தால் தன்னோடு போகும். அவர் வயிற்றில் புளியைக் கரைப்பது வேறு. பின்சீட்டில் பதினோரு பிள்ளைகள் இருக்கும்போது தனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது அது. நான் மூன்று வாரம் வெறும் வண்டியை வைத்துத் திட்டம் போட்டிருக்கிறேன். என் மூக்கு உடைந்தது உங்களுக்குக் கேட்டிருக்கும்.

அந்தப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும், ஆன்ட்டிக்குக் காய்ச்சல் என்று அக்கா வீட்டில் பொய் சொல்லி வைத்திருந்தார்கள். அது வேறு அவரை அரித்துக்கொண்டிருந்தது. சொல்லும்போது அழுதார், முதன்முதலாக. நானும் டிஷ்யூ பெட்டியைத் தேடுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "காய்ச்சல் சரியாப் போச்சான்னு தினமும் கேக்குதுங்க மிஸ். அதுங்களுக்குப் பொய் சொல்லிட்டு அதுங்கள வண்டில ஏத்த எனக்கு வராது."

பள்ளம் இருக்கிற இடம்

அக்கா எழுதிய திட்டத்தில் படி கிடையாது, நெரைதான். முதல் நெரை: வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து உட்காருவது. இரண்டாவது: என்னை ஏற்றிக்கொண்டு பாலம். மூன்றாவது: வெறும் வண்டியில் தனியாகப் பாலம். நான்காவது: பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் நடந்ததைச் சொல்வது. ஐந்தாவது: பிள்ளைகளோடு, பக்கத்தில் கொழுந்தனார். கடைசி: பிள்ளைகளோடு தனியாக. மார்க்கும் அவரே போட்டார். எதற்கு அதிக மார்க் தெரியுமா? கடைசிக்கு இல்லை. நான்காவதுக்கு, நூறு.

எங்கள் முறையில் சுலபமானது முதலில், கஷ்டமானது கடைசியில். அதனால் நான்காவதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைக்கலாமே என்று, கிழித்த தாளின் நினைப்பில் ரொம்பப் பணிவாகக் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நாற்று வைக்கத் தெரியாதவளிடம் தோட்டத்தைக் கொடுத்துவிட்டார்களே என்கிற பரிதாபம் இருந்தது. "நெரைல பள்ளம் எங்க இருக்கோ அங்கதான் இருக்கும் மிஸ். நம்ம வசதிக்கு நகத்தி வைக்க முடியுமா?"

பக்கத்துச் சீட்டில் நான்

முதல் நெரையை அக்கா வாசலிலேயே முடித்துவிட, இரண்டாவது நெரைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக்குப் போனேன். மஞ்சள் வேன், முன்கண்ணாடியில் சாமி படம், பின்சீட்டுகளில் பிள்ளைகள் கிறுக்கிய பேர்கள். தனபால் வாசலில் நின்று கையாட்டினார், ஏதோ நாங்கள் விமானத்தில் போகிற மாதிரி. அக்கா இரண்டு மாதம் ஸ்டியரிங் பிடிக்காதவர். முதல் வளைவில் ஒரு கோழி உயிர் தப்பியது.

பாலத்துக்கு முன்னால் அக்காவின் மூச்சு மாறியது. கழுத்து நரம்பு புடைத்தது. நிறுத்தணுமா, போகணுமா, நீங்கள் சொல்லுங்கள் என்றேன். போகலாம் என்றார். ஏறினோம். வலது பக்கம் ஒரு குலை லோரி எங்களை உரசுவது போல முந்தியது. நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். அக்கா கடைக்கண்ணால் என் காலைப் பார்த்துவிட்டார். இறங்கியதும் வண்டியை ஓரம் கட்டினார். முகத்தில் சிரிப்பு. உங்களுக்கு இப்ப எத்தனை மார்க் மிஸ் என்று கேட்டார். பொய் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம், அதனால் எழுபது என்றேன். "எனக்கு அம்பதுதான். திரும்பிப் போவும்போது வேணும்னா கண்ண மூடிக்குங்க, நான் பாத்து ஓட்டுறேன்."

கூட்டத்தில் பேசாதவள்

மூன்றாவது நெரை இரண்டு வாரம் இழுத்தது. இரண்டு தடவை பாலத்தடிவரைக்கும் போய்த் திரும்பினார், இரண்டையும் அப்படியே வந்து சொன்னார். மூன்றாம் தடவை தாண்டினார். பிறகு அந்த நூறு மார்க் நாள் வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தோட்டத்துப் பாலர் பள்ளி வராந்தாவில் பெற்றோரும் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார், ஒரு கட்டளையோடு: நான் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் அது மிஸ்ஸோட கூட்டம் ஆகிவிடுமாம். பேசியே பிழைக்கிறவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை பாருங்கள்.

அக்கா எழுந்து நின்று, கையில் தாள் எதுவும் இல்லாமல் சொன்னார். காய்ச்சல் இல்லை, பதற்றம். நெஞ்சு அடைக்கும், ஆனால் உயிர் போகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாலத்துக்கு முன்னால் வந்தால் ஓரம் கட்டிக் கொஞ்சம் இருப்பேன். பாலத்தின்மேல் வந்தால் டபுள் சிக்னல் போட்டு மெதுவாகத் தாண்டி நிறுத்துவேன். முதல் வாரம் கொழுந்தனார் கூட வருவார். இது சரிப்படாது என்று நினைக்கிறவர்கள் இப்போதே சொல்லிவிடலாம், நான் வருத்தப்பட மாட்டேன் என்றார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

ஒரு அப்பா எழுந்தார். மன்னிச்சிருங்க அக்கா, எனக்கு மனசு ஒப்பல என்று சொல்லி, தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த இரண்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது அக்காவை அறைந்த மாதிரி இருந்திருக்கும். அடுத்து எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்று நானும் நினைத்தேன். வாயைத் திறக்கத் துடித்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, கைக்குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே சொன்னார், "எல்லா டிரைவருக்கும் ஏதோ ஒண்ணு இருக்கும், எவனும் சொல்ல மாட்டான். சொல்லிட்டு ஓட்டுற ஆள்கிட்டதான் என் மகள ஏத்துவேன்."

திங்கட்கிழமை

கொழுந்தனார் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஜோகூருக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை அக்கா தனியாக, பின்னால் ஒன்பது பிள்ளைகள். எங்கள் தொழிலில் இந்த மாதிரி நாளில் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் கூடாது, கேட்டால் மறுபடியும் மண்டோர் ஆகிவிடுவேன். ஆறு மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். ஆறரைக்குப் பிலோமினா கூப்பிட்டு ஏதாவது சேதி வந்ததா என்று கேட்டார். ஏழு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டு, தான் கேட்கவில்லை, சும்மா கூப்பிட்டதாகச் சொன்னார். பள்ளி மணி ஏழரைக்கு. ஏழரை ஆயிற்று. ஏழு நாற்பது ஆயிற்று. எனக்கே நெஞ்சு அடைப்பது போல இருந்தது. இதைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான்.

ஏழு நாற்பத்தைந்துக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அப்போதுதான் பல் துலக்கப் போயிருந்தேன். வாயில் நுரையோடு ஓடிவந்து போட்டுக் கேட்டேன். பின்னணியில் பள்ளிக்கூடத்துச் சத்தம். முதலில் கொஞ்ச நேரம் வெறும் மூச்சு, ஓடி வந்த ஆள் விடுகிற மாதிரி. பிறகு அக்காவின் குரல். நான் அதை மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அழுதேன். "ஒம்பது பேரும் உள்ள போயாச்சு மிஸ். பாலத்துக்கு முன்னாலயே வந்திருச்சு, ஓரம் கட்டுனேன், கொறையவே இல்ல. அப்பறம் கொறையாமலே ஏறிட்டேன். தொண்ணூறு மிஸ், பொய் இல்ல. தொண்ணூறோடயே ஓட்டிட்டேன்."

ஆக, இந்தத் தொழிலில் நான் செய்த உருப்படியான வேலை ஒரு தாளைக் கிழித்ததும் ஒரு கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததும்தான், இரண்டுக்கும் கட்டணம் வாங்கியிருக்கிறேன் என்பதை நீங்கள் வெளியில் சொல்லாமல் இருந்தால் போதும்.